பார்சல் ஜங்ஷன் வரைக்கும்தான்

“அக்கா, பார்சல் ஒண்ணு வந்திருக்கு. ஜங்ஷனுக்கு வந்து எடுத்துக்கிறீங்களா?”

கலஹா, தெல்தோட்டைப் பக்கம் தோட்டங்களில் இருந்துகொண்டு ஒன்லைனில் எதையாவது ஓடர் பண்ணிப் பார்த்தவர்களுக்கு இந்தப் போன் பழக்கமானது. வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதற்கும் சேர்த்துத்தான் காசு கட்டியிருப்போம். ஆனாலும் பைக்கில் வருகிற தம்பி பெரிய ரோட்டோடு நின்றுவிடுவார். அவரைக் குறை சொல்லவும் மனசு வராது. பார்சலில் ஒட்டியிருக்கிற விலாசத்தை வாசித்தால் ஒரு பேர், தோட்டத்தின் பேர், ‘கீழ்ப்பிரிவு’, கலஹா. அவ்வளவுதான். அந்தக் கீழ்ப்பிரிவில் அதே பேரில் நாலு பேராவது இருப்பார்கள்.

எறும்பைப் பற்றி வாசிக்கப் போய்த்தான் நாங்கள் இந்தப் பார்சல் கதைக்குள் வந்தோம். நாங்கள் என்றால் ஐந்து பேர். இரண்டு பேர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறோம், ஒருத்தி கண்டி டவுனில் கடையொன்றில் கணக்கு எழுதுகிறாள், ஒருவர் பார்சல் பைக் ஓடுகிறார், இன்னொருவர் இப்போதைக்கு வீட்டில். பல்கலைக்கழக வளாகத்துக்கு நடுவால் போகிற ரோட்டுக்கு கலஹா வீதி என்றுதான் பேர். அந்த ரோட்டில் நாலு வருசம் நடந்து பட்டம் வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேருக்கு அது எங்கே போய் முடிகிறது என்று தெரியாது. எங்கள் ஊர் அவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகை. சரி, அது வேற கதை.

வாகனப் பாதைத் திட்டமிடல் என்று ஒரு கணக்கு இருக்கு. 1959இல் ஜோர்ஜ் டான்சிக், ஜோன் ராம்சர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் அது முதலில் வருகிறது. ஒரு பெற்றோல் களஞ்சியம், அதிலிருந்து பல நிரப்பு நிலையங்களுக்கு எண்ணெய் கொண்டுபோகிற லொறிகள். எந்த லொறி எந்த நிலையத்துக்கு, எந்த வரிசையில் போனால் மொத்தத் தூரம் ஆகக் குறையும்? கேட்க லேசான கேள்வி. ஒரே ஒரு லொறி, 10 இடங்கள் என்றால் போகக்கூடிய வரிசைகள் 3,628,800. இடங்கள் 20 ஆனால் அந்த எண் 19 இலக்கத்துக்குப் போய்விடும். செக்கனுக்கு நூறு கோடி வரிசைகளைப் பார்க்கக்கூடிய கணினியை இன்றைக்கு ஓட விட்டால் ஏறக்குறைய 77 வருசம் கழித்துத்தான் முடிக்கும். பார்சல் தம்பிக்கு ஒரு நாளைக்கு 20 இடத்துக்கு மேலேயே வரும். அவர் காலையில் டீ குடித்து முடிப்பதற்குள் வரிசையைத் தீர்மானித்துவிடுகிறார். அது ஆகச் சரியான வரிசை என்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் மோசமான வரிசையும் இல்லை.

எல்லா வரிசையையும் பார்க்காமல் நல்லதொன்றைப் பிடிப்பது எப்படி என்று தேடினவர்கள் இயற்கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1975இல் ஜோன் ஹொலண்ட் மரபணுக்களைப் பார்த்தார்: இரண்டு நல்ல விடைகளைக் கலந்து புதுசு ஒன்றைப் பிறக்க வைப்பது, நடுவில் கொஞ்சம் கோணல்மாணலாக மாற்றுவது, தேறாததைக் கழிப்பது. 1992இல் இத்தாலியின் மிலான் நகரில் மார்க்கோ டொரிகோ என்ற மாணவர் தன் கலாநிதிப் பட்ட ஆய்வில் எறும்பைக் கொண்டுவந்தார்.

எங்களுக்குப் பிடித்தது இந்த எறும்புக் கணக்குத்தான். அதற்குப் பின்னால் உண்மையான எறும்புகளை வைத்துச் செய்த ஒரு பரிசோதனை இருக்கு. 1989இல் பெல்ஜியத்தில் கோஸ், டெனபூர் ஆகியோர் எறும்புக் கூட்டுக்கும் தீனிக்கும் நடுவில் இரண்டு கிளை உள்ள பாலம் ஒன்றை வைத்தார்கள். ஒரு கிளை நீளம், மற்றது கட்டை. எறும்புகள் முதலில் இரண்டிலும் போயின. போகிற எறும்பு வழியில் ஒரு வாசனையை விட்டுவிட்டுப் போகும். கட்டை வழியால் போனது சீக்கிரம் திரும்பி வரும், ஆகவே அங்கே வாசனை சீக்கிரம் கூடும். வாசனை கூடின பக்கம் அடுத்த எறும்பு போகும். கொஞ்ச நேரத்தில் கிட்டத்தட்ட எல்லாமே கட்டை வழியில். எந்த எறும்பும் தூரத்தை அளக்கவில்லை, எதற்கும் வரைபடம் தெரியாது, மேலே துரையோ கங்காணியோ கிடையாது.

டொரிகோ இதைக் கணினிக்குள் கொண்டுபோனார். ஒவ்வொரு கணினி எறும்பும் ஒரு முழுச் சுற்றைப் போட்டுப் பார்க்கும். அடுத்து எந்த இடம் என்று முடிவெடுக்க இரண்டு விசயத்தைப் பார்க்கும்: அந்த இடம் எவ்வளவு கிட்ட இருக்கு, அங்கே போகிற வழியில் எவ்வளவு வாசனை இருக்கு. இரண்டையும் சேர்த்து ஒரு சீட்டுக் குலுக்கல். சுற்று முடிந்ததும் கட்டையான சுற்றுப் போட்ட எறும்புகளின் வழிகளில் வாசனையைக் கூட்டிவிடுவார்கள். எல்லா வழியிலும் வாசனை கொஞ்சம் ஆவியாகவும் விடுவார்கள். திரும்பத் திரும்ப இதுவே. சில நூறு சுற்றுக்குப் பிறகு நல்ல பாதை ஒன்று தடித்து நிற்கும்.

இதிலே ஒரு வசதி, ஒரே சுற்றில் போகிற எறும்புகள் ஒன்றை ஒன்று எதிர்பார்க்காது. ஆகவே நாலு கருவுள்ள லப்டொப்பில் நாலு பக்கமாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட விடலாம். சமாந்தரக் கணிப்பு என்பது அதுதான். புத்தகத்தில் இதற்குத் தொழிற்சாலை உதாரணம் போடுவார்கள். எங்களுக்கு உடனே மனசில் வந்தது கொழுந்து மலை. நாற்பது பேர் நாற்பது நிரையில் ஒரே நேரத்தில் எடுப்பார்கள், ஒருவருக்காக மற்றவர் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் காலை, மதியம், பின்னேரம் என்று நிறுக்கிற நேரம் வரும்போது எல்லாரும் மடுவத்தில் ஒரே தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். ஆளைக் கூட்டினால் கொழுந்து கூடும், தராசு ஒன்றாகவே இருந்தால் வரிசைதான் நீளும். 1967இல் ஜீன் அம்தால் சொன்ன கணக்கும் இதேதான்: வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும் என்றால், எட்டுக் கருக்கள் போட்டாலும் வேகம் எட்டு மடங்கு ஆகாது, 4.7 மடங்குதான். எத்தனை ஆயிரம் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது. எறும்புக் கணக்கில் அந்தத் தராசு வாசனைப் பலகை. எல்லா எறும்பும் வந்து அதில் எழுத வேண்டும். அதனால்தான் பலர் தனித்தனிப் புற்றுகளாகப் பிரித்து, எப்போதாவது ஒருமுறை மட்டும் ஆகச் சிறந்த பாதையைப் பரிமாறிக்கொள்ள வைக்கிறார்கள்.

இது ஆய்வுக்கட்டுரைக்குள்ளேயே நின்றுவிட்ட சங்கதியும் இல்லை. 1999இல் கம்பர்டெல்லா, தையார், அகாட்சி மூவரும் இரண்டு எறும்புக் கூட்டத்தைச் சேர்த்து ஒரு முறை செய்தார்கள். ஒரு கூட்டம் வாகன எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கும், மற்றது பயணத்தைக் குறைக்கப் பார்க்கும், நல்ல விடை கிடைத்தால் இரண்டுக்கும் பொது. அந்த வழியில் வந்த மென்பொருள் சுவிற்சர்லாந்தின் மிக்ரோஸ் சுப்பர்மார்க்கெட்டுகளுக்குச் சாமான் ஏற்றுகிற லொறிகளுக்குப் பாதை போட்டிருக்கிறது. சுவிஸில் இருக்கிற நம்ம ஆட்கள் மிக்ரோஸில் தக்காளி வாங்கும்போது அது எறும்பு சொன்ன வழியால் வந்ததாக இருந்திருக்கலாம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். எறும்புக்குப் பிறகு தேனீ வந்தது, மின்மினி வந்தது, குயில், வௌவால், சாம்பல் ஓநாய், திமிங்கிலம் என்று ஒரு மிருகக்காட்சிச்சாலையே வந்துவிட்டது. கென்னெத் சோரென்சன் என்ற ஆய்வாளர் 2015இல் வெளிவந்த கட்டுரையொன்றில் இதை நன்றாகக் கிழித்திருக்கிறார். உவமை புதுசு, உள்ளே கணக்குப் பழசு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். நாங்கள் அவர் கட்சி. மிருகத்தின் பேர் போட்டால் கணக்கு இயற்கையாகிவிடாது. இன்றைக்கு நன்றாக வேலை செய்கிற முறைகள் பெரும்பாலும் கலப்படம். திபோ விடால் குழு 2012இல் தந்த முறையில் மரபணுக் கலப்போடு, கிடைத்த பாதையை அங்கேயே நின்று ஒட்டுப்போட்டுச் சீராக்குகிற சாதாரண வேலையும் இருக்கு. வெற்றியில் பெரும்பங்கு அந்த ஒட்டுப்போடுகிற வேலைக்குத்தான் என்பது எங்கள் அபிப்பிராயம். இன்னொன்று: மலையக மக்களை எறும்போடு ஒப்பிட்டுப் பேசுகிற மேடைப் பேச்சு எங்களுக்குப் பிடிக்காது. ‘எறும்புபோல உழைக்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இறங்கிப் போவார்கள். இங்கே எறும்பு என்றால் கணினிக்குள் இருக்கிற எறும்பு மட்டும்தான்.

எங்களுக்கு இதில் ஆசை வந்ததற்கு 2022உம் ஒரு காரணம். பெற்றோல் இல்லாத அந்த வருசம் ஓகஸ்ட் நேரம் கியூஆர் அட்டையைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுகிற பைக் என்று வைத்தாலும் வாரம் முழுவதற்கும் 160 கிலோமீற்றர். அப்போது ஒரே கிளை ரோட்டில் இரண்டு தரம் ஏறினால் அது உண்மையான நட்டம். பாதையைச் சரியாகப் போடுவது என்பது பணக்கார நாட்டுக் கம்பனிகளுக்கு லாபக் கணக்கு. எங்களுக்கு அந்த வாரங்களில் மருந்துச் சாமான் வீடு போய்ச் சேருமா இல்லையா என்கிற கணக்கு.

ஆகவே உட்கார்ந்து எழுதினோம். பைத்தன் மொழியில், நாலு புற்று, நாலு கரு. கலஹா டவுனைக் களஞ்சியமாக வைத்து, சுற்றியுள்ள ஜங்ஷன், கோயில், பாடசாலை, மடுவம், கடை என்று 24 புள்ளிகள். ரோட்டுகளைத் திறந்த வரைபடத்திலிருந்து எடுத்தோம், வரைபடத்தில் இல்லாததைப் பைக்கில் போய் அளந்தோம். போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றாக இருந்தாலும் செலவு ஒன்றில்லை. பாரத்தோடு ஏறுவது வேறு, வெறுமையாய் இறங்குவது வேறு. அதனால் ஏற்றத்துக்குத் தனி விலை போட்டோம்.

ஓட விட்டால், இரண்டு செக்கனில் விடை வந்துவிட்டது. நாலு புற்றும் ஒரே விடை. இரண்டாவது தரம் ஓட விட்டோம், அதே விடை. சந்தோசப்படுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. 19 இலக்கத்தையும் தாண்டிய மலை என்று நினைத்தது ஏன் இவ்வளவு சுலபமாக இறங்கிவிட்டது?

வரைபடத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. எங்கள் ரோட்டுகள் ஒரு மரம் மாதிரி. பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்து ரோடு பிரியும், அதிலிருந்து பிரிவுக்கு ஒரு கிளை, அதிலிருந்து லயத்துக்கு ஒரு கிளை, அங்கே முடிந்துவிடும். பக்கத்துத் தோட்டத்து லயம் எதிர் மலையில் கண்ணுக்கு நேரே தெரியும், சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும், ஆனால் பைக்கில் போக வேண்டுமென்றால் முழுக்க இறங்கிப் பெரிய ரோட்டுக்கு வந்து திரும்ப ஏற வேண்டும். கிளைக்குக் கிளை குறுக்கே ரோடு கிடையாது, நடக்கிற குறுக்குப் பாதை மட்டும்தான். இப்படி மரம் மாதிரியான ரோட்டில் ஆகக் குறைந்த சுற்று எது என்பதற்கு எறும்பே தேவையில்லை. ஒரு கிளைக்குள் ஏறினால் அதை முழுக்க முடித்துவிட்டு இறங்கு, திரும்ப அதற்குள் போகாதே. அவ்வளவுதான் விடை. பார்சல் தம்பி டீ குடிக்கிற நேரத்தில் போட்ட வரிசையும் அதேதான்.

ரோடு ஏன் மரம் மாதிரி இருக்கு என்பதற்குப் பதிலும் பக்கத்திலேயே இருக்கு. இங்கிருந்து தெல்தோட்டைப் பக்கமாகப் போனால் லூல்கந்துர. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வியாபாரத்துக்காகத் தேயிலை போட்ட இடம். கண்டிக்கு ரயில் வந்ததும் அதே 1867இல்தான். முதலில் கோப்பிக்காக, பிறகு தேயிலைக்காகப் போட்ட ரோட்டுகள் இவை. கொழுந்து எடுத்த இடத்திலிருந்து தொழிற்சாலைக்கு, தொழிற்சாலையிலிருந்து டவுனுக்கு, டவுனிலிருந்து ரயிலுக்கு. சாக்குக்குள் கிடந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும், ஆகவே லொறி நேரத்துக்கு இறங்க வேண்டும். ஒரு லயத்து மனிதர் இன்னொரு லயத்துக்குப் போக வேண்டும் என்ற கேள்வியே அந்தக் கணக்கில் இல்லை. பிற்காலத்திலும் பெரிசாக மாறவில்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. அதைத் திருத்துவதற்கு 2018 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெல்ஜியப் பரிசோதனையில் இன்னொரு பாகமும் உண்டு, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் நீளமான கிளையை மட்டும் வைத்து, அரை மணி நேரம் கழித்துத்தான் கட்டைக் கிளையைச் சேர்த்தார்கள். எறும்புகள் மாறவில்லை. கட்டை வழி கண்முன்னால் இருந்தும் பெரும்பாலானவை பழைய நீள வழியிலேயே போய்க்கொண்டிருந்தன. அங்கே வாசனை அவ்வளவு தடித்துவிட்டது. கணினி எறும்புக்கு வாசனையை வேகமாக ஆவியாக்குவதும், சில எறும்புகளை வேண்டுமென்றே வாசனை இல்லாத பக்கம் போக விடுவதும் இதனால்தான்.

விடையை எடுத்துக்கொண்டு எங்களில் பைக் ஓடுகிறவரிடம் காட்டினோம். திரையை இரண்டு தரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

“வரிசை சரிதான்டா. ஆனா பத்து மணிக்கு மேல்பிரிவுக்குப் போயி யாருகிட்ட குடுக்குறது? எல்லாம் மலைக்குப் போயிருக்கும். நாலரைக்குப் பொறகுதான் லயத்துல ஆள் இருக்கும். நாலரைக்கு இந்தப் பக்கம் மழ வந்துரும்.”

இதைப் புத்தகத்தில் நேரச் சாளரம் என்கிறார்கள். மரியஸ் சாலமன் 1987இல் நேரச் சாளரத்தோடு நூறு வாடிக்கையாளர் கொண்ட மாதிரிக் கணக்குகளைப் போட்டார், இன்றைக்கும் புது முறை கண்டுபிடிக்கிறவர்கள் அதில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். அந்தச் சாளரத்தைச் சேர்த்தவுடன் எங்கள் கணக்கும் நிஜமாகவே கஷ்டமாகிவிட்டது. எல்லா லயத்துக்கும் ஒரே ஒன்றரை மணி நேரம், ஒரே பைக், எல்லாம் வெவ்வேறு கிளை. எறும்புகள் இப்போது வேர்க்க வேர்க்க வேலை செய்தன. நாலு புற்றும் நாலு விடை தந்தன. ஆகச் சிறந்த விடையில்கூட 24இல் பாதிப் புள்ளிகளுக்குப் போக முடியவில்லை. மற்றப் பாதிக்கு? ஜங்ஷன் கடையில் வைத்துவிட்டுப் போன் பண்ணுவதுதான். அந்தத் தம்பி அதைத்தான் இத்தனை நாளாகச் செய்துகொண்டிருந்தார். கடைக்கார அக்காவுக்கு யார் யாருடைய மகள், எந்த லயம், யார் எப்போது சாமான் வாங்க வருவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். வெளிநாட்டில் பார்சல் பெட்டி வைத்து இதே வேலையைச் செய்கிறார்கள். பெட்டிக்கு யாரையும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரைக்கும் சொன்னதில் ஒரு விசயத்தைத் தட்டிக் கழித்துவிட்டோம். எங்கள் 24 புள்ளியில் ஒரு வீடுகூட இல்லை. ஜங்ஷன், கோயில், மடுவம், இவைதான். டான்சிக் தொடங்கி மிக்ரோஸ் வரைக்கும் எல்லாக் கணக்கும் “வாடிக்கையாளர்கள் இத்தனை பேர், அவர்கள் இருக்கும் இடம் இது” என்றுதான் தொடங்கும். அந்த முதல் வரி எங்களிடம் இல்லை. பத்துக் காம்பரா லயத்தில் ஆறாவது காம்பராவுக்கு இலக்கம் கிடையாது. லயத்துக்கும் பேர் கிடையாது, அல்லது எங்கள் வாயில் ஒரு பேர், பலகையில் சிங்களத்தில் ஒரு பேர், கூகுள் வரைபடத்தில் இங்கிலீசில் ஒரு பேர். கலஹாவையே சிலர் கலகா என்று எழுதுகிறார்கள். கணினிக்கு அது வேறு ஊர்.

விலாசம் இல்லை என்பது பார்சலுக்கு மட்டும் வந்த வினை இல்லை. தோட்டத்துக் கடிதங்கள் ஆள் ஆளுக்கு வீட்டுக்கு வராமல் தோட்ட நிர்வாகத்தின் வழியாகக் கைமாறி வருவது காலங்காலமாக நடக்கிறது. எங்களில் ஒருத்திக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் திகதி முடிந்து ஒன்பது நாளுக்குப் பிறகு கையில் கிடைத்தது. உறையில் முத்திரை பழசு, வந்த கை எத்தனை என்று தெரியாது. அவள் அதை இன்னும் வைத்திருக்கிறாள். வங்கிக் கடிதம், நீதிமன்றக் கடிதம், பல்கலைக்கழகக் கடிதம், கிளினிக் அட்டை, எல்லாவற்றுக்கும் இதே வழி.

இப்போது எறும்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பார்சல் கம்பனிகளின் மென்பொருளும் போன வழியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பார்சல் சரியாகக் கொடுக்கப்பட்ட வீடுகளின் இடம் பதிவாகும், அடுத்த தரம் அங்கே போவது சுலபமாகும், ஆகவே இன்னும் கூடப் போகும். எங்கள் பார்சல்கள் எல்லாம் பதிவாவது ஜங்ஷனில். கணினியின் கண்ணுக்கு நாங்கள் எல்லாரும் அந்த ஜங்ஷன் கடையில் குடியிருக்கிறோம். லயத்துக்குப் போகிற வழியில் வாசனை விழவே இல்லை, ஆகவே அடுத்த எறும்பும் போகாது. கணக்கில் பிழை ஒன்றுமில்லை. கணினியைப் பத்து மடங்கு வேகமாக்கினால் ஜங்ஷனுக்குப் பத்து மடங்கு வேகமாகப் பாதை போடும்.

தீர்வு என்று சொல்லப்படுகிறவற்றையும் பார்த்தோம். கூகுளின் பிளஸ் குறியீடு இலவசம். கொல்கத்தாவின் சேரிகளில் விலாசமில்லாத வீடுகளுக்கு இந்தக் குறியீட்டைப் பலகையில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், ஆட்களுக்கு உதவியும் இருந்திருக்கிறது. ஆனால் வழக்கமான குறியீடு ஒன்று காட்டுவது 14 மீற்றருக்கு 14 மீற்றர் சதுரம். அடிக்கணக்கில் 46. பழைய லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அப்படியென்றால் ஒரே குறியீட்டுக்குள் நாலு காம்பரா. முதுகோடு முதுகு ஒட்டின லயமென்றால் எட்டு. ஒரு காம்பராவுக்குள்ளேயே இரண்டு குடும்பம் என்றால் அதுக்கு மேலே. இந்தியத் தபால் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் 4 மீற்றர் சதுரம், கிட்டத்தட்ட ஒரு காம்பராவின் அளவு. கேட்க நன்றாக இருக்கு. ஆனால் சாதாரண போனின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே 5 மீற்றர் தள்ளிக் காட்டும். இரண்டு மலைக்கு நடுவில், தகரக் கூரைக்குக் கீழே நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கடிதம் போகும். இந்தச் சதுரங்களை எல்லாம் யோசித்தவர்கள் ஒரு குடும்பம் இதைவிடப் பெரிய இடத்தில் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள்.

அதனால் நாங்கள் பழைய முறைக்கே போனோம். லயத்துக்கு ஒரு புள்ளி, கதவுக்கு ஒரு இலக்கம். புள்ளியை ஜிபிஎஸ் பார்த்துக்கொள்ளும், இலக்கத்தைச் சுவரில் பெயிண்டால் எழுதினால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்ப்பிரிவில் தொடங்கினோம். முதல் லயத்தில் பிரச்சினை இல்லை, பிள்ளைகள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். இரண்டாவது லயத்தில் ஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

“ஏம்புள்ள, இந்த நம்பர் இருந்தா கடன்காரனும் நேரா வந்துருவானா?”

நுண்கடன் வசூலிக்கிற ஆட்கள் வாரா வாரம் வருகிற லயம் அது. அவர்கள் டவுனில் பேர் விசாரித்து, ஆளை மாற்றிப் பிடித்து, கடைசியில் அலுத்துப் போய்த் திரும்பின நாட்களும் உண்டு. விலாசம் இல்லாதது இத்தனை வருசம் எங்களுக்குச் செய்த ஒரே நல்லது அதுவாக இருக்கலாம். எங்களுக்குப் பதில் வரவில்லை. “வரத்தான் செய்வான் அம்மா, ஆனா மகளுக்குக் கடிதமும் நேரா வரும்” என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவர் யோசித்தார். “மகளுக்குன்னா எழுது, என் பேரப் போடாத” என்றார்.

அன்றைக்கே ஒரு முடிவெடுத்தோம். சுவரில் இலக்கம் மட்டும், பேர் இல்லை. திறந்த வரைபடத்தில் லயத்தின் புள்ளி மட்டும், காம்பரா இல்லை. எந்தக் காம்பராவில் யார் என்கிற பட்டியல் ஒரு கொப்பியில், அந்த லயத்து ஆட்கள் சொல்கிற ஒருவரின் வீட்டில். எழுத வேண்டாம் என்று சொன்ன வீட்டுச் சுவரைத் தொடுவதில்லை. பார்சல் கம்பனிக்காரர்களுக்குக் கொப்பியைக் கொடுப்பதா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை. மூன்று பேர் வேண்டாம் என்கிறோம், பைக் ஓடுகிறவர் உட்பட இரண்டு பேர் கொடுக்கலாம் என்கிறோம். அவருடைய நியாயம் லேசானது இல்லை: மழையில் நனைந்துகொண்டு ஒவ்வொரு லயத்துக் கோடியிலும் நின்று பேர் சொல்லிக் கத்துகிறவர் அவர்தான்.

இதுவரை கீழ்ப்பிரிவில் ஏழு லயம் முடிந்திருக்கு. புது இலக்கத்தைப் போட்டு எங்களுக்கு நாங்களே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தோம், இன்னும் வரவில்லை. எறும்புக் கணக்கைத் திரும்ப ஓட்ட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பிரிவாவது வேண்டும். மழை விட்டால் வருகிற ஞாயிறு மேல்பிரிவு. கோயிலடியில் காலை எட்டு மணிக்கு நிற்போம். வருகிறவர்கள் பழைய செருப்புப் போட்டுக்கொண்டு வாங்க, அட்டை கடிக்கும். வெள்ளைப் பெயிண்ட் முடிந்துவிட்டது, யார் வீட்டிலாவது மிச்சம் இருந்தால் எந்தக் கலரானாலும் பரவாயில்லை, கொண்டு வாங்க.